பன்னிரண்டு ஜோடிக் கால்களும் ஒரு டப்பா களிம்பும்

மருந்தாளுநர் வேலை என்பது, வருகிறவரின் முகத்தைவிட அவர் கையில் கொண்டு வந்திருக்கும் டப்பாவைக் கூர்ந்து பார்க்கும் வேலை. அந்த டப்பாவில் நேற்றுவரை என்ன இருந்தது என்று தெரியாமல் அதில் எதையும் போட்டுக் கொடுக்கக் கூடாது. எழுபதுகளின் பிற்பகுதியில், கள்ளக்குறிச்சிக்கும் ரிஷிவந்தியத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உட்புறம் நான் நின்றேன். அதைப் போன்ற சன்னல்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும், பேருந்தில் உட்கார்ந்தபடி ஒரு காலின் விரலிடுக்கை மறு காலின் குதியால் ரகசியமாகத் தேய்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரு சாராரும் பட்டவர்கள். அதிக விளக்கம் வேண்டியதில்லை.

பாடப்புத்தகத்து விளையாட்டு வீரர்

சென்னையில் நான் படித்த ஆங்கிலப் பாடப்புத்தகம் இந்நோய்க்கு 'விளையாட்டு வீரரின் பாதம்' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்திருந்தது. காலணிக்குள் வியர்வை தேங்கி, விரலிடுக்கில் பூஞ்சை வளர்ந்து, தோல் வெளுத்து வெடிக்கும் என்று அதில் எழுதியிருந்தது. காலணி, காலுறை, ஓட்டப் பந்தயம் ஆகிய மூன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தன. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு நான் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நடவுப் பருவத்தின் முதல் வாரமே, காலணி என்பதை வாழ்நாளில் அணிந்திராத பெண்கள் வரிசையாக வந்து, என் சன்னல் விளிம்பின்மேல் காலைத் தூக்கி வைக்க முயன்றார்கள். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே அதே வெளுப்பு, அதே வெடிப்பு. புத்தகம் சொன்ன பூஞ்சைதான். வியர்வைக்குப் பதில் சேறு. ஊரார் அதைச் சேற்றுப்புண் என்று சரியாகவே அழைத்தார்கள். புண் கட்டும் பணியிலிருந்த உதவியாளர் ஜெயவேலு அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆங்கிலப் பெயரின் பொருளை அவருக்கு விளக்கினேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஓடுறவங்களுக்கு வர நோவுன்னா பேரு சரிதான் மேடம். இவங்க ஒரு கழனிய முடிச்சிட்டு அடுத்த கழனிக்கு ஓடிக்கினுதான் இருக்காங்க. கப்பு மட்டும் யாரும் குடுக்கல."

பெயர் கொடுத்தவள்

அஞ்சலை ஆனி மாதத் தொடக்கத்தில் வந்தாள். பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு நடவுக் கூட்டத்துக்கு அவள் தலைவி. எந்தக் கழனியில் எப்போது இறங்குவது என்று நிலத்துக்காரர்களிடம் பேசி முடிப்பவள். மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை முன்னே விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நின்றாள். சேற்றுப்புண்ணுக்கு இவ்வளவு பொறுமையா என்று கேட்டேன். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

முந்தைய ஆண்டு கணவருக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடி மாதத் தீமிதிக்குப் பூசாரியிடம் பெயரும் கொடுத்தாகிவிட்டது. இடையில் ஆறு வாரமே இருந்தது. அவ்வூரில் தீ மிதித்து வந்தவரின் காலை எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். தோல் உரிந்திருந்தால் நெருப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். மிதித்தவரின் விரதத்தைத்தான் குறை சொல்வார்கள். சென்ற ஆண்டு காலில் கொப்புளம் கண்ட ஒருவர் அதன் பின் பஞ்சாயத்துப் பேச்சில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாராம். அஞ்சலையின் விரலிடுக்குகளோ நெருப்பைப் பார்க்கும் முன்பே உரிந்து கிடந்தன. தீ மிதிப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேண்டுதலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"பின்வாங்குனா எங்க நாத்தனா பூங்காவனம் ஒரு வருசத்துக்குப் பேசும்மா. புண்ணோட மிதிச்சா ஆயுசுக்கும் பேசும். நீங்களே சொல்லுங்க, எது கம்மி?"

மெட்டி

நான் கொடுத்த கட்டளைகள் சிலவே. கழனியை விட்டுக் கரையேறியதும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவ வேண்டும். காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியே துடைக்க வேண்டும். அந்தத் துணியை வேறொருவர் பயன்படுத்தக் கூடாது. அதன் பிறகே களிம்பு. காலை ஒரு முறை, படுக்குமுன் ஒரு முறை. அவர்கள் வழக்கமாக அப்பிக்கொள்ளும் மருதாணியை நான் தடுக்கவில்லை. ஈரக் காலில் அப்பினால் மருதாணிக்கு அடியில் ஈரம் பத்திரமாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அஞ்சலை தலையாட்டினாள். மெட்டியைக் கழற்ற வேண்டும் என்றதும் ஆடிய தலை நின்றது. இரண்டு சுற்று வெள்ளி மெட்டி. அதன் அடியில் ஊறி வெளுத்த தோல். கட்டியவன் உயிரோடிருக்கும்போது கழற்றுவதா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்த்த பார்வையில் அது இருந்தது.

மறுநாள் கணவரை அழைத்து வரச் சொன்னேன். மாரிமுத்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுபவர். அரவை முடிந்து, மாடுகளோடு சேர்ந்து தாமும் ஓய்விலிருந்தார். மெட்டிக்கு அடியில் ஈரம் எப்படித் தேங்குகிறது, பூஞ்சை அங்கே எப்படிக் குடியேறுகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினேன். மரியாதைக்காக அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"மெட்டிய கழட்டுனா நான் செத்துடுவேன்னு பயப்படுற. நீ ராவெல்லாம் கட்டில் கால்ல காலைத் தேச்சிக்கினு இருக்கற சத்தத்துல நான் தூங்காமலே செத்துக்கினு இருக்கேன். கழட்டி தாலிக் கயித்துல கோத்துக்க."

சுண்ணாம்பு டப்பா

அக்காலத்தில் களிம்பு பெரிய தகர டின்னில் வரும். தட்டைக் கரண்டியால் வழித்து, அவரவர் கொண்டுவரும் டப்பாவில் போட்டுக் கொடுப்போம். பத்து நாளுக்கு என்று நான் கொடுத்த களிம்பு மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது என்று அஞ்சலை வந்து நின்றாள். முழங்கால்வரை பூசிக்கொண்டாயா என்று கேட்டேன். டப்பாவை மட்டும் முன்னே நகர்த்தினாள். மறுபடி கொடுத்தேன், மறுபடி மூன்றே நாளில் தீர்ந்தது. கால்களிலோ பத்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. ஆறு வாரத்தில் ஒன்றரை வாரம் வீணாகிவிட்டது. களிம்பு கெட்டுவிட்டதோ என்று டின்னின் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நண்பகலில், பருத்த உடலும் ஓயாத வாயும் உடைய ஒரு பெண்மணி சன்னலுக்கு வந்து, சுருக்குப்பையிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு சிறு டப்பாக்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் வெற்றிலைக்கான சுண்ணாம்பு. மற்றதில் இருந்தது நான் கொடுக்கும் களிம்பு. இரண்டும் வெள்ளை. சாப்பாட்டுக்குப் பின் டப்பாவை மாற்றி எடுத்து, களிம்பை வெற்றிலையில் தடவி, பாக்கோடு மென்றுவிட்டாள். நான் பதறிப்போய் வாயைக் கொப்பளிக்கச் செய்து, மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, பெரும்பகுதியைத் துப்பிவிட்டதால் பயமில்லை என்றார். வாய் எரிகிறதா, வயிறு வலிக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளுடைய குறை வேறாக இருந்தது.

"வாயி எரியல, வயிறு வலிக்கல, அதெல்லாம் சரிதாம்மா. இம்மாம் நேரம் மென்னும் வெத்தல செவக்கவே இல்லியே, இது இன்னா சுண்ணாம்பு?"

வரிசை

பதற்றம் அடங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த அம்மாளுக்கு நான் களிம்பே கொடுத்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க பங்கு" என்றாள். பெயரைக் கேட்டேன். பூங்காவனம். அஞ்சலையின் நாத்தனார், அதே நடவுக் கூட்டத்தில் ஒருத்தி.

அஞ்சலையை வரச் சொல்லி விசாரித்தேன். அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடு அப்படியாம். கூலியானாலும், நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வரும் கூழானாலும், வரப்பில் கண்டெடுத்த ஒரு வெள்ளரிப் பிஞ்சானாலும் பன்னிரண்டு பங்கு. தலைவி கைக்கு வந்தது எதுவும் தலைவியுடையது ஆகாது. சீட்டில் பெயர் எழுதிய அரசாங்க மருந்தையும் அவள் வரப்பில் உட்கார்ந்து பன்னிரண்டாகப் பிரித்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு விரல்நுனி. தன்னைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசப்போகிறவளுக்கும் குறையாமல் கொடுத்திருக்கிறாள். பங்கு போடக்கூடியது எது, கூடாதது எது என்று நான் கண்டிப்பாகவே எடுத்துரைத்தேன். பேசி முடித்தபோது ஓர் உண்மை எனக்கே உறைத்தது. பன்னிரண்டு பேருக்கும் புண் இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே முந்தானையில் கால் துடைத்தார்கள். ஒருத்திக்கு மட்டும் வைத்தியம் செய்திருந்தால் அடுத்த வாரமே மற்றவர்களிடமிருந்து அது திரும்பி வந்திருக்கும். மருத்துவர் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு சீட்டு எழுதினார். தாழ்வாரத்துப் பெஞ்சில் இருபத்து நான்கு கால்கள் நீட்டியிருந்தன. ஜெயவேலு ஒரு முனையிலிருந்து களிம்பு பூசத் தொடங்கினார். என் கண்டிப்புக்குப் பதிலாக அஞ்சலை சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு மட்டும் கால் நல்லாயிட்டா வரிசை கோணிக்கும்மா. பன்னெண்டு பேரும் ஒண்ணா சொரிஞ்சிக்கினு இருந்தாதான் நாத்து நேரா நிக்கும்."

மலைமேல் முகாம்

அதே மாதத்தில் கல்வராயன் மலையில் மூன்று நாள் மருத்துவ முகாம். ஜீப் பாதி வழிவரை போகும்; மீதி நடை. நான் கித்தான் காலணியும் தடித்த காலுறையும் அணிந்து, பாடப்புத்தகத்து விளையாட்டு வீரரைப் போலப் புறப்பட்டேன். ஓயாத தூறல். நனைந்த காலணியைக் கழற்ற எனக்கு மனமில்லை. அரசு ஊழியர் ஒருவர் வெறுங்காலோடு மாத்திரை கொடுப்பது முறையன்று என்பது என் எண்ணம். மூன்றாம் நாள் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். மறைவு போதவில்லை. காய்ச்சல் மாத்திரைக்கு வந்த சாமை விவசாயி ஒருவர் எதிரில் நின்றார். அவருடைய கால்விரல்கள் விரிந்து, ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் போனவை போல, நடுவில் நல்ல காற்றோட்டத்தோடு இருந்தன. என் காலை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு நாளா காலை மூட்டை கட்டி வச்சிக்கினு இருந்தா அவியாம இன்னா பண்ணும்? அவுத்து வுடுங்கம்மா, அது பாட்டுக்குக் காத்து வாங்கட்டும்."

மரியாதையான நோவு

கீழே வந்து முறைப்படி மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் களிம்பு பூசினேன். எட்டாம் நாள் அரிப்பு நின்றது. நானும் பூசுவதை நிறுத்தினேன். அரிப்பு போவது வேறு, பூஞ்சை போவது வேறு. தோல் பார்வைக்கு நன்றாகிய பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும் என்று அந்தச் சன்னலில் நின்று நாள்தோறும் சொன்னவள் நான். ஒரு வாரத்தில் வெண்மை திரும்பி வந்தது. இதை மறைக்க விரும்பாமல் எழுதுகிறேன்.

தீமிதிக்குப் பதினைந்து நாள் இருக்கையில் பன்னிரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். எல்லோருக்கும் அரிப்பு நின்றிருந்தது; எல்லோரும் பூசுவதை நிறுத்தியிருந்தார்கள். மிச்சக் களிம்பை அடுத்த நடவுக்குப் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தார்கள். அஞ்சலையின் சுண்டுவிரல் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. இப்போது விட்டால் தீமிதி அன்று அது பிளந்திருக்கும். கோபமாகச் சொன்னேன், அரிக்கவே இல்லையே, எதற்குப் பூசுவது என்று கேட்டார்கள். நிதானமாகச் சொன்னேன், அதே கேள்வி. வேறு வழியின்றி, என் பணிக்காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் செய்யாத ஒன்றைச் செய்தேன். செருப்பைக் கழற்றி, என் வலது காலைப் பெஞ்சின்மேல் வைத்து, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் காட்டினேன். மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்கள். பூங்காவனம் மட்டும் குனிந்து, முகத்தை அருகில் கொண்டுபோய், சுண்டுவிரலை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மருந்தம்மாவுக்கே வருதுன்னா இது மரியாதையான நோவுதான். நாளையிலேர்ந்து கரையேறுனதும் பன்னெண்டு பேர் காலையும் நான் பாக்கறேன். ஈரம் வச்சிருக்கறவ வரிசையில நிக்கக் கூடாது."

வரப்பில் ஆய்வு

பிறரிடம் குறை காண்பதில் பூங்காவனத்துக்கு இருந்த திறமை அதுவரை ஊருக்குப் பயன்பட்டதில்லை. இப்போது பயன்பட்டது. மாலைதோறும் பதினொரு பேரும் வரப்பில் கால் நீட்டி உட்கார, அவள் வட்டாட்சியர் போல நடந்து ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்தாள் என்று ஜெயவேலு வந்து சொன்னார். அஞ்சலையின் காலை மட்டும் இரண்டு முறை பார்த்தாளாம். "எங்க அண்ணிக்கு மெட்டி கழட்டுனதுல காலு இளைச்சிடுச்சி" என்ற கேலியும் உண்டு. நேரம் வீணாகிறது என்று நிலத்துக்காரர் ஒரு நாள் முறையிட்டார். அதற்குப் பூங்காவனம் சொன்ன பதிலை ஜெயவேலு அவள் குரலிலேயே பேசிக் காட்டினார்:

"கரும்புக்கு காஞ்ச சோகை உரிக்க ஆள் வச்சிக் காத்துக்கினு இருக்கீங்களே, எங்க காலுக்கு நாலு நிமிசம் நிக்க மாட்டீங்களா?"

பால் குழி

தீமிதி அன்று மாலை, ஜெயவேலுவும் நானும் முதலுதவிப் பெட்டியோடு கோயில் திடலில் நின்றோம். காலையிலேயே அஞ்சலையின் கால்களைப் பார்த்திருந்தேன். விரலிடுக்குகள் காய்ந்து மூடியிருந்தன. தோலில் ஒரு பிளவும் இல்லை. பூஞ்சைக்கு நான் பொறுப்பு, நெருப்புக்கு அல்ல என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதையும் ஆசி போலக் கேட்டுக்கொண்டாள். மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக அவள் முறை வந்தபோது, பூங்காவனம் கூட்டத்தை இடித்துக்கொண்டு குழியின் மறு கரைக்கு முன்னால் போய் நின்றாள். குறை கண்டுபிடிக்கத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

அஞ்சலை ஓடவில்லை, தயங்கவும் இல்லை; கழனியில் நடப்பது போலவே நடந்தாள். நெருப்பைக் கடந்து, அதன் முடிவிலிருந்த பால் குழியில் இறங்கி ஏறினாள். ஏறியவள் கோயிலை நோக்கிப் போக வேண்டும். வரப்பில் பதினைந்து நாள் கால் நீட்டிய பழக்கம் அவளை விடவில்லை. கால் ஈரமாயிற்று என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஊருக்கு எதிரே இரு கால்களையும் நீட்டினாள். பூங்காவனம் இடுப்பிலிருந்து ஒரு காய்ந்த துணியை உருவி, குனிந்து, விரல் விரலாகத் துடைத்தாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தாள். பிறகு, வரப்பில் சொல்லும் அதே குரலில், "காஞ்சிருக்குது, ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்றாள். கோவிந்தா முழக்கம் எழுந்தது. மாரிமுத்து தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாரோ அழுதாரோ, நான் கவனிக்கவில்லை. என் கண் அந்தத் துணிமேல் இருந்தது. ஏனென்றால், அடுத்துத் தீ மிதித்து வந்தவர் இது கோயில் முறை என்று எண்ணி, தாமும் உட்கார்ந்து பூங்காவனத்தின் முன் காலை நீட்டினார். அவளும் அதே துணியோடு குனிந்தாள். "ஆளுக்கொரு துணி" என்று நான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். அம்மன் வந்துவிட்டாள் என்று சிலர் என்னை நோக்கிக் கும்பிட்டார்கள். அதன் பின் வந்த ஒவ்வொருவரும் தத்தம் தோள் துண்டை அவிழ்த்து, வரிசையாக உட்கார்ந்து, பக்தியோடு விரலிடுக்கைத் துடைத்தார்கள். பூசாரி வந்து அந்த வரிசையை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பூஞ்சையைப் பற்றி விளக்கச் சொற்களை நான் திரட்டிக்கொண்டிருந்தபோது, அவரே என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்:

"இது எந்தக் காலத்து வழக்கம்னு எனக்கு நெனவு வரல மருந்தம்மா. ஆனா இனிமே வுட்டா சாமி குத்தம் ஆயிடும்."

என் படிப்பும் படமும் கண்டிப்பும் சேர்ந்து செய்ய முடியாததை அம்மன் ஒரே மாலையில் செய்து முடித்தாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாத அறிக்கையில் மட்டும் அதை 'நலக்கல்வி' என்ற தலைப்பின்கீழ் என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன்.